உச்சி வானத்துல மூணு கேலக்ஸி: வாசகர் கேள்வி பதில்

போன மாசம் இந்தப் பக்கத்துல ஒரு போட்டோ வந்துச்சு, ஞாபகம் இருக்கும். சிம்ம ராசியில இருக்கற எம்65, எம்66, என்ஜிசி 3628ங்கற மூணு கேலக்ஸி ஒரே ஃப்ரேம்ல, லியோ டிரிப்ளெட்னு சொல்லுவாங்க, 80 மி.மீ. லென்ஸ் உள்ள சின்ன டெலஸ்கோப்புல நான் ஜவ்வாது மலைப் பக்கம் ஒரு நண்பரோட நிலத்துல வெச்சு எடுத்தது. அதுக்கு வந்த கடிதமும் மெயிலும் நான் நெனச்சதை விட ரொம்ப அதிகம், எல்லாத்தையும் உக்காந்து படிச்சேன். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளுக்கு இந்த மாசம் பதில் சொல்லிடறேன்.

கேள்வி (திருவண்ணாமலை வாசகர்): இவ்ளோ தூரத்துல இருக்கறதை எடுக்க மலை மேல இருக்கற மாதிரி பெரிய டெலஸ்கோப் வேணும்னு தானே நெனச்சிட்டிருந்தோம். 80 மில்லிமீட்டர்ல எப்படி சார்? கம்ப்யூட்டர்ல வரைஞ்சு சேர்த்ததா?

ஒரு புள்ளி கூட வரைஞ்சது இல்லீங்க. எல்லாம் அங்கேருந்து வந்த வெளிச்சம் தான்.

இந்த மூணும் தூரத்துல தான் இருக்கு, சுமார் 3.5 கோடி ஒளியாண்டு. ஒரு ஒளியாண்டுன்னா கிட்டத்தட்ட 9.46 லட்சம் கோடி கிலோமீட்டர். ஆனா தூரமா இருக்கற எல்லாமே சின்னதா தெரியணும்னு கட்டாயம் இல்ல, இது ஒவ்வொண்ணும் சுமார் ஒரு லட்சம் ஒளியாண்டுன்னு பேசற சைஸ். வானத்துல மூணும் சேர்ந்து அடைச்சுக்கற இடம் முழு நிலாவை விடப் பெருசு, ஒன்றரை நிலா அளவு வரும். கண்ணுக்குத் தெரியாததுக்குக் காரணம் சின்னதா இருக்கறது இல்ல, மங்கலா இருக்கறது தான். மங்கலா இருக்கறதுக்கு மருந்து பெரிய ஜூம் கிடையாது, நேரம்.

என் டெலஸ்கோப்போட ஃபோக்கல் லெங்த், அதாவது லென்ஸ்லேருந்து பிம்பம் விழற இடம் வரைக்கும் உள்ள தூரம், 480 மி.மீ., பின்னாடி மாட்டினது பழைய 18 மெகாபிக்சல் டிஎஸ்எல்ஆர். இந்தக் கூட்டணியில நிலா சுமார் 1000 பிக்சல் அகலம் வரும். மூணுல நீளமான என்ஜிசி 3628, விளிம்புப் பக்கமா நமக்குத் தெரியறது, கிட்டத்தட்ட 490 பிக்சல் நீளம் வரும். எம்66 சுமார் 290 பிக்சல். பத்திரிகைப் பக்கத்துல அழகா பிரிண்ட் ஆக இது தாராளம். என்ஜிசி 3628 நடுவுல கறுப்பா ஒரு கோடு ஓடுதே, அது தூசுப்பட்டை. அந்தக் கோடு நடுவுல தெரியறதால அதுக்கு ஹாம்பர்கர் கேலக்ஸின்னே பேர் விழுந்துடுச்சு.

எம்65, எம்66 ரெண்டையும் பிரெஞ்சுக்காரர் சார்ல் மெஸ்ஸியே 1780 மார்ச்ல பட்டியல்ல சேர்த்தாரு, அவர்கிட்ட இருந்ததும் சின்ன டெலஸ்கோப் தான். என்ஜிசி 3628 அவர் கண்ணுல படல, நாலு வருஷம் கழிச்சு 1784ல வில்லியம் ஹெர்ஷல் கண்டுபிடிச்சாரு. மொத்த வெளிச்சம்னு பார்த்தா அதுவும் மத்த ரெண்டுக்கு ரொம்பக் குறைஞ்சது இல்ல, ஆனா அந்த வெளிச்சம் நீளமா பரவிக் கிடக்கறதால கண்ணுக்கு நழுவிடுது. கேமராவுலயும் அதே கதை தான், முதல் போட்டோவுல எம்66 ஒரு சாம்பல் கறையா பளிச்சுனு தெரிஞ்சுது, என்ஜிசி 3628 இருக்கா இல்லையான்னு ஸ்க்ரீனைச் சாய்ச்சுச் சாய்ச்சுப் பார்க்க வேண்டியிருந்துச்சு.

கேள்வி (வேலூர் வாசகி): எந்த மாசம், எந்தப் பக்கம் பார்க்கணும்? ஆப் இல்லாம கண்டுபிடிக்க முடியுமா?

முடியும்மா, நம்ம வீட்டுப் பெரியவங்களுக்குத் தெரிஞ்ச நட்சத்திரம் தான் எல்லாம். மாசி மகம்னு சொல்றோமே அந்த மகம், ஆடிப்பூரம்னு சொல்றோமே அந்தப் பூரம், பங்குனி உத்திரத்தோட உத்திரம், இந்த மூணும் சிம்மத்துல தான் இருக்கு. மகம் பளிச்சுனு ஒத்தை நட்சத்திரம். அதுக்குக் கிழக்கே வரிசையா வந்தா பூரம், அது ரெண்டு நட்சத்திரம், ஒண்ணு வடக்கே ஒண்ணு தெற்கே. இன்னும் கிழக்கே தள்ளி உத்திரம். பூரத்துல தெற்கே இருக்கற நட்சத்திரத்தைப் பிடிச்சுக்கோங்க, செர்ட்டன்னு பேரு. அதுலேருந்து தெற்கே ரெண்டரை டிகிரி, கொஞ்சம் கிழக்கே சாய்ஞ்சு வந்தீங்கன்னா நம்ம மூணு பேரும் அங்க தான். ரெண்டரை டிகிரின்னா கையை நீட்டி வெச்சு ரெண்டு விரல் அகலத்தை விடக் கொஞ்சம் கம்மி.

எப்போன்னா, மார்ச் ரெண்டாவது வாரத்துல நடுராத்திரி வாக்குல உச்சிக்கு வரும், ஏப்ரல் நடுவுல பத்து மணிக்கே வந்துடும். பிப்ரவரி கடைசியிலேருந்து ஏப்ரல் வரைக்கும் நமக்கு சீசன், மழை முடிஞ்சு வானம் காஞ்சிருக்கும்.

ஆனா ஒரு விஷயம் கவனிக்கணும். மாசி மகமும் பங்குனி உத்திரமும் பௌர்ணமியை ஒட்டித் தான் வரும், அதாவது முழு நிலா இந்த நட்சத்திரங்களுக்குப் பக்கத்துலயே வந்து உக்காந்திருக்கற ராத்திரி அது. கோயிலுக்குப் போக நல்ல நாள், கேலக்ஸிக்கு ஆகாது. அதுலேருந்து பதினஞ்சு நாள் முன்னாடியோ பின்னாடியோ வர்ற அமாவாசையைக் காலண்டர்ல வட்டம் போட்டு வெச்சுக்கோங்க, அதுக்கு ரெண்டு பக்கமும் நாலஞ்சு நாள் நம்ம நாள்.

இன்னொரு சந்தோஷமான சேதி. இந்த மூணு கேலக்ஸியும் வானத்துல வடக்கு 13 டிகிரியில இருக்கு. சென்னையோட அட்சரேகையும் 13 டிகிரி! அதாவது வட தமிழ்நாட்டுல நின்னா அது கிட்டத்தட்ட நேரா நம்ம தலைக்கு மேல கடந்து போகுது. தலைக்கு மேலன்னா காத்து மண்டலத்தோட ரொம்ப மெல்லிசான வழியா வெளிச்சம் இறங்குது, தூசு கம்மி, மினுக்கறது கம்மி. ஐரோப்பாவுல 50 டிகிரியில உக்காந்திருக்கறவருக்கு அது 53 டிகிரி உயரத்தைத் தாண்டவே தாண்டாது. இவ்ளோ நல்ல இடத்துல பொறந்துட்டு நாம மேல பார்க்காம இருக்கறது எனக்கு உண்மையிலேயே வருத்தமா இருக்கு.

கேள்வி (கோவை, இன்ஜினியரிங் மாணவர்): அண்ணா, என்கிட்ட டிஎஸ்எல்ஆர் இருக்கு, செகண்ட் ஹேண்ட்ல ஒரு 70 மி.மீ. டெலஸ்கோப்பும் வாங்கிட்டேன். ட்ரைபாட்ல வெச்சு 30 செகண்ட் எக்ஸ்போஷர் குடுத்தா எல்லா நட்சத்திரமும் கோடா வருது. என்ன தப்பு பண்றேன்?

தப்பு ஒண்ணும் இல்ல தம்பி, பூமி சுத்துது. ஒரு செகண்டுக்கு வானம் 15 ஆர்க் செகண்ட் (ஒரு டிகிரியை 3600 ஆக்கினா அதுல ஒரு பங்கு தான் ஒரு ஆர்க் செகண்ட்) நகருது, என் செட்டப்புல அது 8 பிக்சல். அப்போ 30 செகண்ட்ல 240 பிக்சல் நீளக் கோடு. வானத்தோட சேர்ந்து கேமராவும் நகர்ந்தா தான் நட்சத்திரம் புள்ளியா நிக்கும், அதுக்கு ஈக்வடோரியல் மவுண்ட்னு, வானத்தோட கூடவே சுத்தற ஸ்டாண்ட் வேணும். கையில இருக்கற பணத்துல பெரும்பகுதியை மவுண்ட்டுக்கு வை, மிச்சத்துக்கு டெலஸ்கோப் வாங்குன்னு யார் கேட்டாலும் நான் சொல்லுவேன். நல்ல மவுண்ட் மேல சுமாரான லென்ஸ் வெச்சாலும் படம் வரும், ஆடற மவுண்ட் மேல எவ்ளோ உசந்த லென்ஸ் வெச்சாலும் வராது. மவுண்ட் இத்தனை கிலோ தாங்கும்னு போட்டிருப்பாங்க, போட்டோ எடுக்கறதுக்கு அதுல பாதி எடையோட நிறுத்திக்கோ.

அப்புறம் நம்ம ஊருக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கு. மவுண்ட்டோட அச்சு துருவ நட்சத்திரத்தைப் பார்த்து நிக்கணும். துருவ நட்சத்திரம் நம்ம அட்சரேகை எவ்ளோவோ அவ்ளோ உயரத்துல தான் இருக்கும், கோவையில 11 டிகிரி, கன்னியாகுமரியில 8. அந்த உயரத்துல தென்னை மரம் நிக்கும், பக்கத்து வீட்டுத் தண்ணி டேங்க் நிக்கும், எதுவும் இல்லேன்னா புழுதி நிக்கும். நிறைய மவுண்ட் ஐரோப்பா அமெரிக்காவை மனசுல வெச்சு செஞ்சது, இவ்ளோ தாழ்வா இறக்கினா கவுண்டர்வெயிட் (எதிர் எடை) கம்பி வடக்குப் பக்கத்து ட்ரைபாட் கால்ல இடிக்கும். வாங்கறதுக்கு முன்னாடியே கடையில எவ்ளோ தாழ்வா இறங்கும்னு இறக்கிக் காட்டச் சொல்லிப் பாரு. இடிச்சா நடுவுல ஒரு எக்ஸ்டென்ஷன் குழாய் போடலாம், இல்லேன்னா வடக்கே கால் வராம ட்ரைபாடைத் திருப்பி வைக்கலாம். வடக்கு திறந்திருக்கற இடமா பார்த்து உக்காரு, அந்த ஒரு விஷயத்துலயே பாதி ராத்திரி மிச்சமாகும்.

ஃபோகஸுக்கு மகம் நட்சத்திரத்தைப் பயன்படுத்திக்கோ. பாதினோவ் மாஸ்க்னு ஒண்ணு, அட்டையில வரிவரியா வெட்டி லென்ஸ் முன்னாடி மாட்டறது, வரைபடம் நெட்லயே கிடைக்கும். அதை மாட்டினா நட்சத்திரத்துலேருந்து மூணு கதிர் கிளம்பும், நடுக் கதிர் மத்த ரெண்டுக்கும் சரி பாதியில வந்து நின்னா ஃபோகஸ் சரி. ராத்திரி குளிர் ஏறுனா ஃபோகஸ் நகரும், அதனால மணிக்கு ஒரு தடவை மகத்துக்குத் திரும்பி வந்து பார்த்துட்டுப் போறது நல்லது.

கேள்வி (சென்னை அம்பத்தூர் வாசகர்): மொட்டை மாடியில எடுக்கறேன், படம் முழுக்க ஆரஞ்சு கலர்ல பொங்குது. லைட் பொல்யூஷன் ஃபில்டர் வாங்கலாமா?

கேலக்ஸிக்காகன்னா வாங்க வேண்டாம். ஓரியன் நெபுலா மாதிரி வாயு மேகத்துக்கு அந்த ஃபில்டர் அருமையா வேலை செய்யும், ஏன்னா அது சில குறிப்பிட்ட நிறத்துல மட்டும் ஒளிருது, அந்த நிறத்தை மட்டும் விட்டுட்டு மிச்சத்தைத் தடுத்துடலாம். கேலக்ஸி அப்படி இல்ல, கோடானுகோடி நட்சத்திரத்தோட மொத்த வெளிச்சம் அது, எல்லா நிறத்துலயும் வருது. தெருவிளக்கைத் தடுக்கறேன்னு ஃபில்டர் போட்டா கேலக்ஸியையும் சேர்த்துத் தடுத்துடும்.

கணக்கைச் சொல்றேன், அப்போ புரியும். நடு நகரத்து வானம் ஒரு நல்ல இருட்டு வானத்தை விட மூணு மேக்னிட்யூட் (வானத்துல வெளிச்சத்தை அளக்கற அலகு) பிரகாசமா இருந்தா, அது கிட்டத்தட்ட 16 மடங்கு வெளிச்சம். அந்த வெளிச்சத்துக்குள்ளேருந்து மங்கலான ஒண்ணைப் பிரிச்செடுக்க சுமார் 16 மடங்கு நேரம் எடுக்கணும். மலையில ஒரு மணி நேரத்துல வர்றதை மாடியில எடுக்க 16 மணி நேரம். அந்த ஃபில்டர் காசுல பஸ் டிக்கெட் எடுத்து, ஒரு ராத்திரி கும்மிருட்டுக்குப் போயிட்டு வாங்க. ஜவ்வாது மலையில ஆலங்காயத்துக்குப் பக்கத்துல இருக்கற காவலூர்ல தான் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கு, அங்க இருக்கற 2.34 மீட்டர் டெலஸ்கோப் 1986லேருந்து வேலை செய்யுது. அவ்ளோ பெரிய கருவியை அந்த மலையில கொண்டு போய் வெச்சதுக்கு இருட்டும் ஒரு முக்கியக் காரணம். அந்தப் பக்கம் போறவங்க தயவுசெஞ்சு ஹெட்லைட்டை மலை மேல பாய்ச்சிட்டு நிக்காதீங்க, கையில சிவப்பு பேப்பர் ஒட்டின டார்ச் போதும்.

மாடியை விட்டா வேற வழி இல்லேன்னு இருக்கறவங்களும் விட்டுடாதீங்க. எம்65, எம்66 ரெண்டோட நடுப்பகுதியும் மாடியிலேருந்தே வரும், ஊர் அடங்கி உச்சிக்கு வர்ற நேரமா பார்த்து எடுங்க.

கேள்வி (மதுரை வாசகர்): போன்ல இயங்கற ஸ்மார்ட் டெலஸ்கோப்ல இது வருமா?

வரும், 50 மி.மீ.ல கூட வரும். ஆனா அதுல பலது மேலே கீழே, இடம் வலம்னு திரும்பற வகை. இந்தக் கேலக்ஸி நமக்கு உச்சி வழியா போறதால, உச்சிக்கிட்ட வரும்போது மோட்டார் திடீர்னு அரை வட்டம் திரும்ப வேண்டியிருக்கும், பின்தொடர முடியாம தடுமாறும். கிழக்கே பாதி உயரத்துல ஏறிட்டிருக்கும்போதே எடுத்து முடிச்சுடுங்க.

கேள்வி (தர்மபுரி வாசகி): 90 போட்டோ எடுத்தேன்னு எழுதியிருந்தீங்க. ஒரே படத்தை எதுக்கு 90 தடவை எடுக்கணும்? எடுத்ததை என்ன பண்ணீங்க?

இது தான் இந்த வேலையோட உயிரே. ஒரு போட்டோ ரெண்டு நிமிஷம். அந்த ரெண்டு நிமிஷத்துல எம்65ஓட வெளி விளிம்புலேருந்து ஒரு பிக்சல்ல வந்து விழற வெளிச்சம் ரொம்பச் சொற்பம், கேமராவோட இரைச்சலும் வானத்தோட வெளிச்சமும் அதை மூடிடும். ஆனா இரைச்சல் ஒவ்வொரு போட்டோவுலயும் வேற வேற இடத்துல விழும், கேலக்ஸி எல்லாத்துலயும் அதே இடத்துல இருக்கும். போட்டோவை எல்லாம் நட்சத்திரம் மேல நட்சத்திரம் வர்ற மாதிரி அடுக்கி சராசரி எடுத்தா இரைச்சல் அமுங்கிடும், கேலக்ஸி நிக்கும். 4 போட்டோ அடுக்கினா ரெண்டு மடங்கு சுத்தம், 16க்கு நாலு மடங்கு, 64க்கு எட்டு மடங்கு. அதனால தான் ஒரு கட்டத்துக்கு மேல ராத்திரி ராத்திரியா சேர்த்துட்டே போறாங்க.

எனக்கு முதல் வருஷம் நடந்ததைச் சொல்றேன். நல்லா போயிட்டிருக்குன்னு கேமராவை ஓட விட்டுட்டு, போர்வையைப் போர்த்திக்கிட்டு பக்கத்துலயே கட்டில்ல படுத்தேன். நாலு மணிக்கு எந்திரிச்சு கடைசி போட்டோவைப் பார்த்தா நட்சத்திரம் எல்லாம் பஞ்சு உருண்டை மாதிரி ஊதியிருக்கு. டார்ச் அடிச்சேன், லென்ஸ் மேல பனி முத்து முத்தா கோத்திருந்துச்சு, டியூப்லேருந்து தண்ணி சொட்டுது. ஒரு மணிக்கு அப்புறம் எடுத்தது அத்தனையும் போச்சு. அமாவாசை முடிஞ்சு வானமும் மேகம் போட்டுடுச்சு, அந்த வருஷம் அதோட அவ்ளோ தான். இப்போ பழைய யோகா மேட்டை வெட்டி லென்ஸுக்கு முன்னாடி ஒரு அடி நீளத்துக்குக் குழாய் மாதிரி சுத்தறேன், லென்ஸை ஒட்டி யூஎஸ்பியில சூடாகற ஒரு பட்டையும் கட்டறேன். மலையில பனி காலம் முடிஞ்சுதுன்னு நம்பவே கூடாது.

இந்தத் தடவை 90ல 12 போட்டோவைத் தூக்கிப் போட்டேன், சிலதுல காத்து தள்ளிடுச்சு, சிலதுல மேகம் லேசா கடந்துச்சு. மிச்சம் 78, அதாவது 2 மணி 36 நிமிஷ வெளிச்சம். சாட்டிலைட் கோடு விழுந்ததை நான் தூக்கல, அடுக்கற சாஃப்ட்வேர் ஒரு போட்டோவுல மட்டும் இருக்கறதைத் தானாவே ஒதுக்கிடும். அதோட லென்ஸை மூடிட்டு அதே ரெண்டு நிமிஷத்துல 20 டார்க் ஃப்ரேம் எடுக்கணும், சென்சரோட சூட்டுப் புள்ளியைக் கழிக்க. ஃப்ளாட் ஃப்ரேம்னு ஒண்ணும் உண்டு, மூலை இருட்டையும் சென்சர் தூசியையும் சரி பண்ண. அதுக்கு நான் விடியற்காலை வெளுக்கும்போது ஒரு வெள்ளை வேட்டியை நாலா மடிச்சு, சுருக்கம் இல்லாம டியூப் வாய்ல இழுத்து ரப்பர் பேண்ட் போட்டு, வானத்தைப் பார்த்து 20 போட்டோ எடுக்கறேன். ஃபோகஸையும் கேமரா கோணத்தையும் அதுக்குள்ள தொட்டுடக் கூடாது.

அடுக்கறதுக்கு டீப்ஸ்கைஸ்டாக்கர், சிரில் ரெண்டும் இலவசம். அடுக்கி முடிஞ்ச உடனே படம் கன்னங்கரேல்னு தான் வரும், பயந்துடாதீங்க, எல்லா வெளிச்சமும் ஹிஸ்டோகிராமோட (இருட்டுலேருந்து வெளிச்சம் வரைக்கும் எவ்ளோ பிக்சல்னு காட்டற வரைபடம்) இடது ஓரத்துல ஒட்டிக்கிட்டிருக்கும், அதைக் கொஞ்சம் கொஞ்சமா வலப்பக்கம் இழுக்கணும். அப்போ எம்66ஓட சுருள் கைகள் வெளிய வரும். நல்லா பாருங்க, ரெண்டு கையும் ஒரே மாதிரி இருக்காது, ஒரு பக்கம் இழுத்து விட்ட மாதிரி கோணலா இருக்கும். முன்னொரு காலத்துல அதுவும் என்ஜிசி 3628ம் ஒண்ணையொண்ணு நெருங்கிக் கடந்து போயிருக்கு, அந்த இழுப்போட தழும்பு அது. அதே இழுப்புல என்ஜிசி 3628லேருந்து பிய்ஞ்சு வந்த நட்சத்திரங்கள் 3 லட்சம் ஒளியாண்டு நீளத்துக்கு வாலா நீண்டு கிடக்கு. என் படத்துல அந்த வால் வரல. வர்றதுக்கு இன்னும் நிறைய ராத்திரி சேர்க்கணும், அடுத்த சீசன்ல 12 மணி நேரம் சேர்க்கறதுன்னு இருக்கேன்.

கேள்வி (புதுச்சேரி வாசகர்): இதை எடுத்து முடிச்சுட்டேன். அடுத்து இதே டெலஸ்கோப்ல என்ன எடுக்கலாம்?

வாழ்த்துகள்! அதே ராத்திரி, அதே மவுண்ட், அப்படியே கிழக்கே போங்க. உத்திரத்துக்கும் கன்னி ராசியில இருக்கற விண்டமியாட்ரிக்ஸ் நட்சத்திரத்துக்கும் ஏறக்குறைய நடுவுல மார்க்காரியன் சங்கிலி இருக்கு. எம்84, எம்86ல ஆரம்பிச்சு வளைஞ்சு வளைஞ்சு போற கேலக்ஸி வரிசை, சோவியத் ஆர்மீனியாவோட வானியலாளர் பெஞ்சமின் மார்க்காரியன் பேருல வழங்குது, இதுல பலதும் சேர்ந்தே நகருதுன்னு 1960களோட தொடக்கத்துல சொன்னவர் அவர். அதுவும் வடக்கு 13 டிகிரி தான், லியோ டிரிப்ளெட் உச்சியைத் தாண்டி ஒரு மணி நேரம் கழிச்சு உச்சிக்கு வரும். ஒன்றரை டிகிரி நீளம், 400லேருந்து 500 மி.மீ. ஃபோக்கல் லெங்த் உள்ள டெலஸ்கோப்புக்குன்னே அளவெடுத்து வெச்ச மாதிரி இருக்கும். இங்க பெரிய டெலஸ்கோப் வெச்சிருக்கறவங்களுக்குத் தான் கஷ்டம், ஃப்ரேமுக்குள்ள அடங்காது.

கேள்வி (திருப்பத்தூர், எட்டாம் வகுப்பு மாணவி): உங்க போட்டோவுல மூணு பெரிய கேலக்ஸி தவிர சின்னச் சின்ன மங்கலான புள்ளி நிறைய இருக்கே, அதெல்லாம் என்ன?

இவ்ளோ கூர்ந்து பார்த்ததுக்கு ரொம்ப சந்தோஷம் கண்ணு. பூதக்கண்ணாடி இருந்தா இப்போவே எடுத்துக்கோ. வட்டமா, விளிம்பு கூர்மையா இருக்கறது நட்சத்திரம், நம்ம பால்வெளியைச் சேர்ந்தது, நமக்குப் பக்கத்துல இருக்கறது. முட்டை மாதிரி நீண்டோ, விளிம்பு கரைஞ்ச மாதிரியோ இருக்கறதுல பலதும் கேலக்ஸி தான், அந்த மூணுக்கும் ரொம்பப் பின்னாடி. படத்தைப் போட்டா அதுல எது எதுன்னு பேர் எழுதித் தர்ற அஸ்ட்ரோமெட்ரி டாட் நெட்னு ஒரு இலவச சேவை இருக்கு, பெரியவங்க உதவியோட போட்டுப் பாரு.

எம்66க்குள்ள இருக்கற புள்ளியையும் விடாத. அதுல 1989லயும் 2016லயும் நட்சத்திரம் வெடிச்சு சூப்பர்நோவா தெரிஞ்சுது, பக்கத்துல எம்65ல 2013ல தெரிஞ்சுது. அதனால இந்தப் படத்தைப் பத்திரமா வெச்சுக்கோ, அடுத்த வருஷம் நான் எடுக்கறதையும் இங்க போடறேன், ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு முதல்ல இல்லாத புள்ளி ஏதாவது புதுசா வந்திருக்கான்னு பார்த்து எனக்கு எழுது.